கிறிஸ்துமஸ் ஆல்பத்துக்காக ஒரு கடிதம்

ஹூஸ்டனில் அப்பா சமையல் செய்த உணவகம் அதற்கு முன்பு மாட்டிறைச்சி வாட்டி விற்கும் கடையாக இருந்ததாம். கைமாறியபோது எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பிள்ளையார் படம் மாட்டினார்கள். அடுக்களைச் சுவரில் பலகையோடு சேர்த்து அறைந்திருந்த ரேடியோவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் திருகு உடைந்து ஒரே நிலையத்தில் நின்றுபோயிருந்தது. அந்த நிலையத்தில் நாள் முழுக்க கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுதான். எங்கள் இட்லியும் சாம்பாரும் கிட்டார் கேட்டுக்கொண்டே வெந்தன.

அந்தப் பாட்டுகளை விரும்பிக் கேட்ட ஒரே ஆள் சித்தப்பா. கடை முதலாளி தன் மகள் கல்யாணத்துக்குச் சமைக்க ஆறு மாத விசாவில் அவரைக் கோவில்பட்டியிலிருந்து வரவழைத்திருந்தார். கல்யாணம் முடிந்தது, விசாவும் முடிந்தது, அவர் தோசைக்கல்லின் முன்னால் நின்றபடி மூன்று வருடம் ஓடிவிட்டது. ஊரில் சித்தியும் ஒரு மகளும் இருந்தார்கள். மகளை இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தவர். போனால் திரும்ப வர முடியாது. "தை பொறக்கட்டும்ப்பா, லாயர்கிட்ட கூட்டிட்டுப் போய் உனக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணிடலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். சித்தப்பா அந்த ஒரு வாக்கியத்தைச் சாப்பிட்டே உயிர் வாழ்ந்தார் என்று சொல்லலாம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்று முழுதாகப் போனவள் நான்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா வாசலைக்கூட மிதித்ததில்லை. சித்தப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அதனால் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதமெல்லாம், கரண்ட் பில்லோ ஆஸ்பத்திரிப் படிவமோ, பத்து வயதான என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொல்லும்வரை பெரியவர்கள் பேசாமல் நிற்பார்கள். அவர்கள் அப்படி நிற்பதில் எனக்கு ஒரு கிறக்கம் இருந்தது. இன்றும் இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

அந்த டிசம்பரில் ரேடியோவில் இரண்டு பேர் சேர்ந்து பாடிய கிறிஸ்துமஸ் ஆல்பம் ஓயாமல் ஒலித்தது. அவர்கள் அண்ணன் தம்பி. அண்ணன் குரல் கீழே தரையோடு போகும், தம்பி குரல் அதன் தோளில் ஏறி உட்காரும். அது கிறிஸ்துமஸ் பாட்டு என்பதே சித்தப்பாவுக்குப் பல நாள் தெரியாது. "ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போய்ட்டு வாரானுவளா?" என்று கேட்டார். இல்லை, பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்று விளக்கினேன்.

"போய்ச் சேந்துட்டானுவளா?"

"அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருது சித்தப்பா."

அன்றிலிருந்து அந்தப் பாட்டு வந்தால் தோசைக் கரண்டி அப்படியே நிற்கும். அப்பா வந்து தட்டிவிட வேண்டும்.

அப்போதுதான் நிலையத்தில் ஒரு போட்டி அறிவித்தார்கள். அந்த ஆல்பத்தை யாருக்குப் பரிசாகக் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள், ஏன் என்று எழுதி அனுப்ப வேண்டும். நல்ல கடிதத்தை வாசித்துவிட்டு, அந்த ஆளையே போனில் அழைத்துப் பேசுவார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் எழுதினேன். மூன்று பக்கம், கடைசியில் கடையின் போன் நம்பர். நானே தபாலிலும் சேர்த்தேன்.

சனிக்கிழமைகளில் காய் நறுக்க அம்மா கடைக்குப் போவாள், நானும் கூடப் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு சனிக்கிழமை, பகல் கூட்டம் வருவதற்குச் சற்று முன்பு, ரேடியோ என் பெயரைச் சொன்னது.

"அது நாந்தான்! நான் எழுதுனது!" என்று மூட்டை மேலேயே எழுந்து நின்றேன். அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் சித்தப்பாவின் பெயர் இன்னது. இன்ன தெருவில், டயர் கடைக்குப் பக்கத்தில், இன்ன உணவகத்தில் தோசை சுடுகிறார். அம்மா சிரித்தாள். ஆறு மாதத்துக்கென்று வந்தவர், மூன்று வருடமாக இங்கேயே ஒளிந்திருக்கிறார். சிரிப்பு நின்றது. யாராவது கேட்டால் நேற்றுத்தான் வந்தார் என்று சொல்லும்படி வீட்டில் எனக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவருக்கு பேப்பர் இல்லை. அதனால் மகளைப் பார்க்கப் போக முடியவில்லை.

அவர்கள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. வியப்பு என்று நினைத்தேன். குரலை இன்னும் உயர்த்தினேன்.

தோசை கருகியது. அறிவிப்பாளர், இப்போது அந்த மனிதரையே அழைப்போம் என்றார். ரேடியோவுக்குள் மணி அடித்தது. அதே நொடியில் எங்கள் சுவரிலிருந்த போனும் அடித்தது. இரண்டும் ஒன்றாக அடித்தன. அதைப் போன்ற அதிசயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. குதித்து ஓடிப் போனை எடுக்கப் போனேன். அப்பா கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆள் வேலையாக இருக்கிறார் போலிருக்கிறது என்று ரேடியோவில் யாரோ சிரித்தார்கள். பிறகு பாட்டைப் போட்டார்கள்.

முதலாளி அங்கிள் முன்கடையிலிருந்து ஓடி வந்தார். "என்னம்மா எழுதித் தொலைச்சே? என் கடை பேரு, அட்ரஸ் எல்லாம் ரேடியோல வருது!"

"சின்னப் புள்ள, தெரியாம எழுதிருச்சு மொதலாளி" என்றார் அப்பா.

"ஐ.என்.எஸ். இமிக்ரேஷன்காரன் வந்தா இதையா சொல்லுவே? இனிமே லாயரும் கிடையாது, அப்ளிகேஷனும் கிடையாது. இவன் யாருன்னே எனக்குத் தெரியாது. இப்பவே கிளம்பச் சொல்லு."

அப்பா முதலாளியின் கையைப் பிடித்தார். அம்மா காலைப் பிடிக்கக் குனிந்தாள். சித்தப்பா அடுப்பை அணைத்தார், ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தார். "அண்ணே, புள்ளைய அடிக்காதிய" என்றார். பிறகு என்னிடம் வந்து, "அந்த ரேடியோக்காரன் எம் பேரை எப்படிச் சொன்னான் பாத்தியா தாயி? வாய்க்குள்ள சுடுகெழங்க வச்சுக்கிட்டுப் பேசுன மாதிரி" என்று சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார். பின்வாசல் வழியாக அப்பாவோடு காரில் ஏறிப் போனார். அப்பா மறுநாள் சாயங்காலம் தனியாகத் திரும்பினார்.

அதிகாரிகள் யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை, அந்த வருடமே வரவில்லை. வண்டியோட்டிக்கொண்டே கேட்டவர்கள் ஒரு நிமிடம் மனம் இளகி, அடுத்த பாட்டில் மறந்திருப்பார்கள். ஆனால் முதலாளி தன் சொல்லிலிருந்து இறங்கவில்லை. தை பிறந்தது, யாரும் லாயரிடம் போகவில்லை. ஆல்பம் மட்டும் தபாலில் வந்தது. அம்மா அதை உறை பிரிக்காமல் குப்பையில் போட்டாள். சித்தப்பாவின் பரிசை எப்படிப் போடலாம் என்று நான் அழுது சண்டை போட்டேன். அதன்பின் வீட்டுக்கு வந்த காகிதங்களை அப்பா பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டியிடம் கொண்டுபோனார்.

சித்தப்பா ஊர் ஊராகச் சமையலறை மாறி, ஐந்து வருடம் கழித்து வெறுங்கையோடு கோவில்பட்டிக்குத் திரும்பினார். பத்து வயது மகள் அவரைப் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாளாம். இன்றுவரை அவரோடு ஒட்டவில்லை என்று சித்தி போனில் சொல்வாள். அப்பா அந்தப் போனை வாங்கிப் பேசியதில்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்தவை. அந்த ஜனவரியில் பள்ளி திறந்தபோது எனக்கு எதுவும் தெரியாது. கன்னத்தில் விழுந்த அறைகூட ஈரக் கையோடு போனைத் தொடப் போனதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று டீச்சர் கேட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். கடிதத்தின் நகல் என்னிடம் இருந்தது. வகுப்பின் முன்னால் நின்று மூன்று பக்கத்தையும் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் சித்தப்பா இப்போது எங்கே இருக்கிறார் என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

லூசியானாவில், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டலில் சமைக்கிறார் என்று அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதைக் கேட்டிருந்தேன்.

அதையும் சொன்னேன்.