விசில் ஊதும்வரை

இருபத்திரண்டு வயதில், மரத் துப்பாக்கி பிடித்த ஏழு பேர் அடங்கிய ஒரு போலீஸ் படையில் சேருவதற்காக நாயாய் அலைந்தேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அது சிரிப்பாக இல்லை.

பொய்ப் படைதான். விமானக் கடத்தலும் பணயக் கைதிகளும் செய்தியில் அடிபட்டுக்கொண்டிருந்த காலம். ஆங்கிலப் பள்ளியில் படித்து அலுவலக வேலைக்குப் போன சில இளைஞர்கள், தீவிரவாதிகளை ஒடுக்கும் ஆயுதப் போலீஸாக ஞாயிறுதோறும் நடித்துப் பார்த்தார்கள். புக்கிட் மேராவில் இடிப்பதற்காகக் காலி செய்து வைத்திருந்த பழைய அடுக்குமாடி ஒன்றுதான் களம். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பெட்டிப் பலகையில் செதுக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்த துப்பாக்கி. விளையாட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, பயிற்சி என்றுதான் சொல்ல வேண்டும். பதவிகள் உண்டு, விதிப் புத்தகம் உண்டு, சேருவதற்கு விண்ணப்பம்கூட உண்டு. காப்புறுதி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த ஒரு தமிழர்தான் தலைவர். அவரைக் கமாண்டர் என்று கூப்பிட வேண்டும்.

நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். படித்து முடித்த சில வருடங்களில் பள்ளியையே மூடிவிட்டார்கள். கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் என்னைச் சமையல்கூடத்தில் போட்டார்கள், இரண்டரை வருடம் வெங்காயம் உரித்தேன். வெளியே வந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் மூட்டை அடுக்கினேன். முக்கியமான காரியம் எதையும் என்னை நம்பி யாரும் கொடுத்ததில்லை. கதவை உதைத்துத் திறந்துகொண்டு முதல் ஆளாக உள்ளே நுழைபவனாக ஒரே ஒரு தடவையாவது இருந்துவிட வேண்டும். பொய்க் கதவானாலும் சரி. எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றார்கள். சிராங்கூன் சாலையில் எங்கள் மாடி அறையில் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் மாலை மல்லுக்கட்டினேன். கமாண்டர் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். ஒரு வரியில் எல்லோரும் சிரித்தார்கள். என்ன தப்பு என்று தெரியாமலேயே நானும் சேர்ந்து சிரித்தேன். இன்று நினைத்தாலும் என்மீதே எனக்கு எரிச்சல் வருகிறது.

புதிதாக வருகிறவன் நான்கு ஞாயிறு தீவிரவாதியாக நடித்துச் சாக வேண்டும், பிறகு படையில் சேர்த்துக்கொள்வார்கள். அதுதான் வழக்கம். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் நான்கு வாரம் செத்துவிட்டுக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டார்கள். நான் பதினான்காவது வாரமும் செத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஆர்டர் எல்லாம் இங்கிலீஷ்லதான்லா வரும், நீ தடுமாறுவ," என்றார் கமாண்டர். "தீவிரவாதி எந்த பாஷையில கத்துனாலும் பரவால்ல."

அன்றிலிருந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவர்களுடைய ஆங்கிலக் கட்டளைகளைச் சொல்லிப் பழகினேன்.

சாவதில் மட்டும் என்னை யாரும் குறை சொன்னதில்லை. விதிப் புத்தகத்தின்படி, சுடப்பட்டவன் கமாண்டர் விசில் ஊதும்வரை அசையக் கூடாது. அதற்கு முன் எழுந்தால் தேர்வில் தோல்வி. கடைசியில் ஒருநாள் கமாண்டரே சொன்னார், வருகிற ஞாயிறு ஒரு பிசகும் இல்லாமல் செய்தால் அடுத்த வாரம் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று. மறுநாளே துணி எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிறு, வேறு கோயிலில் பூசைக்குப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்பா எங்கள் கோயிலில் பூசையின்போது வேதாகம வாசகம் வாசிப்பவர். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் வார்டு வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் குரலுக்கு நூறு பேர் பதில் சொல்வார்கள்.

மூன்றாவது மாடி நடைபாதையில் என்னைச் சுட்டார்கள். சட்டையில் ரத்தத்துக்காக ஊற்றிய மிளகாய்ச் சாஸ் வழிய, குப்புற விழுந்தேன். காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது. விசில் வரவில்லை. ஓர் எறும்பு கழுத்தில் ஏறி, காதுவரை வந்து திரும்பிப் போனது. வெயில் நகர்ந்து முதுகுக்கு வந்தது. இது கடைசிச் சோதனை என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

எதிர் அடுக்குமாடியில் துணி காயப்போட்ட ஒரு பெண்மணி, ரத்தச் சட்டையோடு கிடந்த ஆளையும் பக்கத்தில் துப்பாக்கியையும் பார்த்துவிட்டுப் போலீஸுக்குப் போன் செய்திருக்கிறார். சைரன் சத்தம் கேட்டபோது, கமாண்டர் எனக்காக எவ்வளவு மெனக்கெட்டு ஏற்பாடு செய்திருக்கிறார் என்று என் மனம் நிறைந்துபோனது. பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. யாரோ என்னைப் புரட்டினார்கள். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

"சாஸ்," என்று ஒரு குரல் கேட்டது. "டேய், உசுரோடதான இருக்க?"

திறந்து பார்த்தால், நிஜமான சார்ஜன்ட், தமிழர். அவருக்குப் பின்னால் நின்றவரின் கையில் நிஜமான துப்பாக்கி.

கீழே கூட்டிக்கொண்டு வந்தார்கள். எதிரே காப்பிக்கடையில் ஏழு பேரும் கறுப்புச் சட்டைமேல் வேறு சட்டை மாட்டிக்கொண்டு மீ நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். பசியில் விசிலை மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். கமாண்டர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"கூட யாரு?" என்றார் சார்ஜன்ட்.

"யாருமில்ல சார். நான் மட்டும்தான்."

"தனியாவா செத்த?"

ஆமாம் என்றேன். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது விதிப் புத்தகத்தின் முதல் விதி.

நிலையத்தில் எச்சரித்து, துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர் வந்தால் விடுவதாகச் சொன்னார்கள். அப்பா பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து கையெழுத்துப் போட்டார். சிராங்கூன் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பாதி வாசகத்துல வந்து கூப்பிட்டாங்க. புத்தகத்த மூடிட்டு வந்தேன்."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்படியும் அடுத்த ஞாயிறு புக்கிட் மேராவுக்குப் போனேன். வேறு அடுக்குமாடிக்கு இடத்தை மாற்றியிருந்தார்கள். ஒரு பெயரைக்கூடச் சொல்லாமல் வந்தவனை எப்படித் தள்ளுவார்கள்? புதுக் கறுப்புச் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டுதான் போனேன். கமாண்டர் தட்டச்சு செய்த தாளை எடுத்து ஆங்கிலத்தில் வாசித்தார். எனக்குப் புரிந்தது. நான் தேறவில்லை. இறந்தவர் விசிலுக்கு முன் எழுந்துவிட்டார் என்பது காரணம்.

"நீங்க விசிலே ஊதலையே கமாண்டர்."

"அதத்தான் சொல்றேன்லா. ஊதுறதுக்கு முன்னாடி எழுந்துட்ட."

மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். என் வயதில் ரோஷமுள்ள எவனும் அதைத்தான் செய்திருப்பான். அப்பா புத்தகத்தை மூடிவிட்டு வந்ததற்காகவாவது செய்திருக்க வேண்டும்.

நான் மறுபடியும் எப்போது விண்ணப்பிக்கலாம் என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல்.