ஏழாம் வசனம் வரை: சங்கரன்கோவிலுக்கு ஒரு பயணம்

சங்கரன்கோவிலுக்கு எப்படிப் போவது, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். அந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு பயணம்தான் முன்னால் வந்து நிற்கிறது. 1982 பிப்ரவரி, இரண்டாவது சனிக்கிழமை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஆறாம் வகுப்பு டீச்சர். வேதத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு நிறையவே இருந்த காலம்.

போன காரணத்தைச் சொல்ல, முதலில் வாக்குத்தத்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபைகளில் புது வருஷ ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களின் பேரைச் சொல்லியும் எடுத்து, தபாலில் அனுப்புவோம். அந்த வருஷம் சங்கரன்கோவிலில் இருந்த கிரேஸ் அக்கா வீட்டுக்காரர் தங்கராஜ் அத்தான் பேரில் நான் ஓர் அட்டை எடுத்தேன். 'நான் உன்னைக் குணமாக்குவேன்' என்று வந்தது. கீழே, இரண்டாம் இராஜாக்கள் இருபதாம் அதிகாரம், ஐந்தாம் வசனம் என்று போட்டிருந்தது.

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அத்தானுக்கு டி.பி. கண்டுபிடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஊசிகள் முடிந்து, தினமும் மாத்திரை. மொத்தம் பதினெட்டு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டையோடு நானும் ஒரு கடிதம் எழுதினேன். 'அத்தானுக்கு ஆண்டவரே பதில் சொல்லிவிட்டார், இனி எதற்கும் பயப்பட வேண்டாம்' என்று அதில் இருந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்கு இன்னும் அழகாக எழுதினேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் வியாழக்கிழமை அக்காவின் இன்லேண்டு லெட்டர் வந்தது. புளியங்குடியில் ஓர் ஊழியக்காரர் பந்தல் போட்டு உபவாச ஜெபம் நடத்துகிறார். விசுவாசி மருந்து சாப்பிட்டால் அது அவிசுவாசம் என்று போதிக்கிறார். அத்தான் என் அட்டையைக் கொண்டுபோய் அவரிடம் காட்டியிருக்கிறார். அவர் அதை உயர்த்திப் பிடித்து, இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 'மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அத்தான் மேடையில் சாட்சி சொல்லி, மிச்ச மாத்திரையை எல்லாரும் பார்க்கக் கொட்டப் போகிறார்களாம். நீ அனுப்பிய அட்டைதானே, நீயே வந்து சொல்' என்று எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை காலை பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு டவுன் பஸ், நாற்பது காசு. ஜங்ஷனில் 7.20க்கு சங்கரன்கோவில் வண்டி, நான்கு ரூபாய் அறுபது காசு. (டிக்கெட்டை வேதப்புத்தகத்துக்குள் அடையாளமாக வைப்பது என் பழக்கம். அதனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.) தூரம் ஐம்பத்தாறு கிலோமீட்டர். மானூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். பருத்தியும் மிளகாயும் நின்றன. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் நான் அதிகம் பார்க்கவில்லை. மருந்துக்கு ஆதரவான வசனங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன். மொத்தம் பதினொன்று சேர்ந்தது. தேவர்குளத்தில் ஏறியவர்களுக்கு டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரீட்சையா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். 9.15க்கு சங்கரன்கோவில் வந்தது.

அத்தானுக்குக் கடைவீதியில் சின்ன ஜவுளிக்கடை. உள்ளூர்த் தறிகளில் நெய்த சேலையும் துண்டும்தான் வியாபாரம். நான் போனபோது தறிக்காரர் ஒருவர் கொண்டுவந்த சேலைகளை வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சேலையையும் தலைப்பு முதல் அடி வரை விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எத்தன வருசப் பழக்கம் அண்ணாச்சி, இன்னுமா நம்பிக்கை இல்ல?" என்று தறிக்காரர் கேட்டார்.

"ஒம்மை நம்பாம என்ன வே. மேல் மடிப்பு எப்பவும் நல்லாத்தான் இருக்கும். உள்ளதான் இழை விட்டுருக்கும்" என்றார் அத்தான்.

ஆள் தேறியிருந்தார். இருமல் இல்லை. கன்னத்தில் சதை வைத்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சில மாத மருந்தில் உடம்பு தேறும், நோய் உள்ளே இருக்கும், பாதியில் விட்டால் திரும்ப வரும்போது மருந்துக்கு அடங்காது என்று டாக்டர் அக்காவிடம் சொல்லியிருந்தார். ஆனால் தேறிய உடம்புதான் அத்தானுக்கு அத்தாட்சி.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் தாளை எடுத்தேன். சுவிசேஷம் எழுதிய லூக்கா வைத்தியர், தீமோத்தேயுவின் வயிற்றுவலிக்கு அப்போஸ்தலர் பவுல் சொன்ன மருந்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார்.

"ஆசா ராசா வியாதியில ஆண்டவரத் தேடாம வைத்தியரத் தேடுனான், செத்துப்போனான்னு இருக்கே. அதுக்கு என்ன சொல்லுதே?" என்றார். நான் விளக்கினேன். அவர் இன்னொரு வசனம் சொன்னார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வசனங்களைக் கல்லாக எடுத்து எறிந்துகொண்டிருந்தோம். கடைசியில் அவர் சட்டைப் பையிலிருந்து என் அட்டையை எடுத்து முன்னால் வைத்தார்.

"நீதானே செல்வி எழுதுனே, ஆண்டவரே சொல்லிட்டாருன்னு. இப்ப அவரு சொல்லலன்னு சொல்லுதியா?"

அடுக்களைக்குப் போய் அழுதேன். அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, அழுது என்ன ஆகப்போவுது? நாளைக்குக் காலையில ஜெபம் இருக்குல்லா, அப்பப் பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் குடும்ப ஜெபம். ஆளுக்கு ஒரு வசனமாக மாற்றி மாற்றி வாசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். குடும்பத் தலைவர் ஆரம்பிப்பார். "சாட்சி சொல்லப் போற நாளு. உங்க வாக்குத்தத்தம் இருக்கிற அதிகாரத்தையே வாசிப்போம்" என்றாள் அக்கா. அத்தானுக்கு சந்தோஷம். எசேக்கியா ராஜா சாகக் கிடந்ததை அவர் வாசித்தார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பியதை அக்கா வாசித்தாள். அவன் அழுததை நான் வாசித்தேன். நான்காவது அத்தான். ஐந்தாவது அக்காவுக்கு வந்தது. நான் உன்னைக் குணமாக்குவேன் என்ற இடத்தில் அத்தான் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். ஆறாவதில் ராஜாவுக்குப் பதினைந்து வருஷ ஆயுசு கூடியது. அதை நான் வாசித்தேன்.

ஏழாவது அத்தானுக்கு. வாசிக்க ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைப் புண்ணின்மேல் பற்றுப்போடுகிறார்கள். அதற்குப் பிறகு ராஜா பிழைக்கிறான். குணமாக்குவேன் என்ற வாக்கைக் கொண்டுவந்த அதே தீர்க்கதரிசி, அதே வாயால் மருந்தும் சொல்கிறார்.

அத்தான் இன்னொரு தரம் வாசித்தார், இந்தத் தடவை சத்தமில்லாமல். அட்டையை எடுத்து வேதப்புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மேல் மடிப்ப மட்டும் பாத்துட்டு எடுத்திருக்கேன்" என்றார். பதினொரு வசனம் தேடி எழுதிய நான், நானே அனுப்பிய வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளிப் படித்திருக்கவில்லை. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

ஏழாவது அவருக்கு வரும் என்று அக்கா முன்பே எண்ணி வைத்திருந்தாளா என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "மூணு பேருக்கு எண்ணத் தெரியாமலா கடையில ஒத்தாசைக்கு நிக்கேன்?" என்றாள்.

"அந்த ஊழியக்காரருகிட்ட நேர்ல கேக்காம விட்டா சரியில்ல" என்று அன்றைக்கே அத்தான் கிளம்பினார். மாத்திரைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்ததும் மனம் மாறிவிடுவாரோ என்று அக்காவும் நானும் கூடவே போனோம். புளியங்குடி பதினெட்டு கிலோமீட்டர், ஒரு ரூபாய் நாற்பது காசு, நாற்பது நிமிஷம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே எலுமிச்சை வாசம். பந்தல் அங்கிருந்து பத்து நிமிஷ நடை. இரண்டு மணிக் கூட்டத்துக்கு ஒன்றேகாலுக்கே சனம் நிறைந்திருந்தது.

ஊழியக்காரர் பக்கத்து ஓட்டு வீட்டில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஏமாற்றுக்காரர் ஒருவரைப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்துப் போயிருந்தேன். மெலிந்து, உபவாசத்தில் உதடு வெடித்து, நாற்காலியில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தப் பாதத்தில் வேட்டித் துணியைச் சுற்றியிருந்தார்கள். துணியில் நீர் கசிந்திருந்தது.

"பிரதர், சாட்சிக்கு முந்தி ஒரு காரியம்" என்று அத்தான் வேதப்புத்தகத்தைத் திறந்து நீட்டினார். "ரெண்டு வசனம் தள்ளி இது இருக்கு. நீங்க வாசிச்சு அர்த்தம் சொல்லணும்."

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "அது பழைய ஏற்பாட்டுக் காலம், பிரதர். அவங்க விசுவாசம் அவ்வளவுதான்" என்றார்.

"அஞ்சாம் வசனமும் அதே காலம்தானே பிரதர்?"

அவர் கோபப்படவில்லை. புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார். "நான் இத வாசிச்சிருக்கேன். பிரசங்கம் பண்ணுனதில்ல" என்றார்.

அத்தான் அவர் காலைப் பார்த்தார். "எத்தன நாளா இருக்கு?"

"மூணு மாசம். ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். கூட வாங்க, சேந்தே போவோம்."

வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவர் ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தார். "இத்தன பேரு என் சொல்லக் கேட்டு மாத்திரைய விட்டிருக்காங்க. நான் எப்படி ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிப்பேன்?"

"நீங்க போய் நின்னா அவுகளும் வருவாக" என்றாள் அக்கா.

அதற்குள் இரண்டு பேர் வந்து அவரைத் தாங்கிப் பந்தலுக்குக் கூட்டிப்போனார்கள். அத்தான் மேடை ஏறவில்லை. நாங்கள் கடைசியில் நின்று கேட்டோம். நாங்கள் நின்ற வரை ஊழியக்காரர் மருந்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பிரசங்கம் முடியும் முன்பே நாங்கள் கிளம்பி 4.10 பஸ்ஸைப் பிடித்தோம். பஸ் ஸ்டாண்டில், அக்கா கொண்டுவந்த தண்ணீரில் அத்தான் மாத்திரையை விழுங்கினார். திங்கட்கிழமை டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு, பதினெட்டு மாதத்தை முதலிலிருந்து எண்ணச் சொன்னார். அத்தான் முழுவதும் முடித்தார். எசேக்கியாவுக்குக் கிடைத்ததைவிட அதிக வருஷம் இருந்தார்.

ஊழியக்காரர் அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். காலில் ஆரம்பித்ததுதான் என்றார்கள். அடக்கத்துக்கு அத்தான் போய்விட்டு வந்தார். வந்து, "நான் எனக்கு வேண்டியதக் கேட்டேன். பதில் கெடச்சதும் பஸ்ஸப் பாத்து வந்துட்டேன்" என்று அக்காவிடம் சொன்னாராம்.

கேட்ட வாசகிக்கு: திருநெல்வேலியிலிருந்து இப்போது பஸ்களுக்குக் குறைவில்லை, நான் எழுதிய கட்டணத்தை நம்பிப் போகாதீர்கள். கோயிலும் கடைவீதியும் நடக்கிற தூரத்தில்தான். உள்ளூர்த் தறிச் சேலை வாங்கினால் முழுவதும் விரித்துப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். என்னைப் போல ஒரு போதனையைப் பற்றிப் பேசச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள், தாளில் வசனம் எழுதிக்கொண்டு போக வேண்டாம். அவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் வசனத்தின் அதிகாரத்தையே அவர்களோடு உட்கார்ந்து, முன்னும் பின்னும் வாசியுங்கள். பவுல் சொன்னதையே பெரோயா ஊர்க்காரர்கள் அப்படித்தான் வேதத்தில் தேடிப் பார்த்தார்கள். அட்டை நான் இன்னும் எடுக்கிறேன். தபாலில் போடும் முன், அந்த அதிகாரத்தை முழுவதும் கையால் எழுதிச் சேர்த்து அனுப்புகிறேன்.

கடைசியாக ஒன்று. யாரிடமாவது அப்படிப் போய்க் கேட்டால், கேட்ட உடனே திரும்பிவிடாதீர்கள். அன்று புளியங்குடியிலிருந்து 4.10க்கு அடுத்த பஸ் 5.15க்கு இருந்தது. கூட்டம் முடிந்ததும் அவரை இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாங்கள் அதில் வந்திருக்கலாம்.