அப்பாவின் சிவப்பு கார்

பக்கவாதத்தில் கிடந்த அப்பா தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சத்தத்தைக் கேட்க ஆசைப்பட்டார். சாவியைத் திருப்பினேன். ‘டிக் டிக்’ என்றதோடு சரி.

“பேட்டரி செத்துப்போச்சுங்க,” என்றார் மெக்கானிக்.

சின்ன வயதில் அந்த ‘டிக் டிக்’கை அவிநாசியில் ஒரு கல்யாண மண்டப வாசலில் கேட்டிருக்கிறேன். பனியன் கம்பெனி முதலாளிகள் சுற்றி நின்றார்கள்.

“எறங்கித் தள்ளுடி,” என்றார் அப்பா அம்மாவிடம். உதவ வந்தவர்களையும் தடுத்தார். “அவளே தள்ளட்டுமுங்க. தின்ன சோறு செரிக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மடியிலிருந்த என்னை சீட்டில் உட்கார வைத்துவிட்டு, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா தள்ளினாள். வண்டி உறுமியது. அப்பா நிறுத்தவில்லை.

“அம்மாவ ஏத்துங்கப்பா!” என்று அழுதேன்.

“நிறுத்துனா ஆஃப் ஆயிரும்.”

பின்னால் ஓடிவந்த அம்மா ரோட்டில் விழுந்தாள். டவுன் பஸ் பிடித்து வீடு வந்தவள், முழங்கையில் ரத்தம் காய்வதற்குள் ரசம் வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்ட அப்பா, “உப்பு பத்தல,” என்றார்.

இப்போது மெக்கானிக் தன் வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்ததும் என்ஜின் ஸ்டார்ட் ஆனது. சக்கர நாற்காலியில் அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மா குனிந்து அவர் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தாள்.

“அப்படியே ஓட்டீட்டுப் போயி பழைய இரும்புக்குப் போட்டுருங்க. இவரு பாத்துட்டே இருக்கட்டும்.”