சுட்ட கருவாட்டுப் பத்தியம்

முதலில் வீங்கியது என் வீட்டுக்காரருடைய முகம்தான். காலையில் கண் திறக்க முடியாது, உச்சிப்பொழுதுக்குள் வடிந்துவிடும். உப்புக்காற்று என்று இருந்துவிட்டோம். பிறகு வாயில் மூத்திர வாடை அடித்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் கடற்கரை ஊரான கடியப்பட்டணத்திலிருந்து மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான். இதே சீக்குக்காரரை வைத்துப் பார்க்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

குண்டிக்காய் (மூத்திரம் பிரிக்கும் உறுப்பு) இரண்டும் சுருங்கிவிட்டன, இனி தேறாது என்றார் டாக்டர். உப்பு கூடாது, மீன் கொஞ்சம் போதும், வேகவைத்து நீர் வடித்த காயும் கீரையும் தினமும் வேண்டும். குண்டிக்காய் தள்ளாத அழுக்கில் கொஞ்சத்தைக் குடல்தான் தள்ளுமாம். மலம் கட்டினால் அதுவும் ரத்தத்தில் ஊறுமாம்.

தலையாட்டினேன். மனம் ஒப்பவில்லை. எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியம் வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீங்கின உடம்பு வற்ற வேண்டுமானால் கீரை ஆகாது, தண்ணீர் ஆகாது. வறட்டுச் சோறும் சுட்ட கருவாடும்தான். எத்தனை பேரை எழுப்பி நடக்க வைத்த கை இது. அவருக்கும் அதையே வைத்தேன். உப்புப் போகக் கருவாட்டை இரண்டு தண்ணீரில் அலசினேன். அது போதுமென்று நம்பினேன்.

“ஏட்டி, நான் என்ன பிள்ளையா பெத்துக் கிடக்கேன்?” என்றார். சொல்லிக்கொண்டே தின்றார். நான் வைத்ததை ஒருநாளும் ஒதுக்கியவரில்லை.

ஐந்து நாள் வயிறு போகவில்லை. விக்கல் நிற்கவில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரி. எனிமா (ஆசனவழியே நீர் ஏற்றிக் குடலைக் கழுவுவது) கொடுத்தார்கள். என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“நான்தான் கேட்டு வாங்கித் தின்னேன், டாக்டரே.”

வீட்டுக்கு வந்து, சொன்னபடியே சமைத்தேன். வயிறு இளகியது. விக்கல் நின்றது. வீக்கம் மட்டும் வடியவில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அடுத்த முறை டாக்டரிடம் தனியாகக் கேட்டேன்.

“பிழைச்சிருக்க மாட்டாரும்மா. கொஞ்ச நாளு சொகமா இருந்திருப்பாரு.”

அந்தக் கொஞ்ச நாளை எடுத்தது நான். இதை எவரிடமும் சொன்னதில்லை. வலையில் சாளை மீன் பட ஆரம்பித்த மாதத்தில் அவர் போனார்.

ஆறு வருஷம் ஆகிறது. இந்த வயதிலும் நல்ல உடம்பு என்கிறார்கள் ஊரார். விடிந்ததும் என் வயிறு தானாக இளகும். முன்பு அதை ஒரு காரியமாக நினைத்ததே இல்லை. இப்போது அது கூச்சமாக இருக்கிறது, அவருக்கு உரியதை நான் அனுபவிப்பதுபோல. அதற்குப் பிறகு ஒரு முழுப் பகல் கிடக்கிறது, சமைத்து வைக்க அவர் இல்லாமல்.