வாசகசாலையில் பதினான்கு மூட்டைகள்

2004 ஜூலை 11, ஞாயிறு, காலை பத்தேகால் மணி, சாரல் மழை. பொங்கலூருக்குத் தெற்கே, புலவர்களால் பெயர்பெற்ற விவசாய ஊர். அதன் வாசகசாலையில் பதினான்கு பனியன் வேஸ்ட் மூட்டைகள்! புகார் எழுத அஞ்சலட்டையை எடுத்தேன். ஒல்லியான காவல்காரர் ஒவ்வொரு புத்தகமாகத் துடைத்து, கண்ணில் ஒற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“புலவர்கள் ஊரில் இதுதான் மரியாதையா? எந்த மடையன் இதையெல்லாம் இங்கே போடச் சொன்னான்?”

“நான்தானுங்க சாமி. புஸ்தகம் நனையுதுன்னு ஏழு வருசமா பஞ்சாயத்துத் தலைவருகிட்டக் கேட்டனுங்க, ஓடு மாத்தலீங்க. அவரு பனியன் கம்பெனி மூட்டைய இங்க வெச்சுக்கச் சொன்னனுங்க. மூட்டை நனையக் கூடாதுன்னு மறுவாரமே ஓடு மாத்திட்டாருங்க.”

அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாதி எழுதிய அட்டையைக் கிழித்தேன்.

அந்த ஏழு வருடத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அன்றைய என் செலவு: பஸ்ஸுக்குப் பதினெட்டு ரூபாய், அட்டைக்கு ஐம்பது காசு, ஆக, பதினெட்டரை.