முப்பத்திரண்டு என்று தைத்த பட்டி

அந்தத் தெருவில் கூசாமல் உண்மை பேசியவர் தையற்கார அம்மா ஒருவர்தான். டேப் காட்டிய எண்ணை அடுத்தவருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவார். பேங்க் மேனேஜரிடமே, "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க சார். நாளைக்கு அந்த பேன்ட்டுக்குள்ள நீங்கதான் மூச்சு விடணும்" என்றவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே ஒருவரிடம்தான் பொய் சொன்னார்: கணவரிடம்.

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே டன் கணக்கில் தூக்குவார். வீட்டில் தண்ணீர் வாளியைத் தூக்கமாட்டார். கல்யாணத்தின்போது இடுப்பு முப்பத்திரண்டு அங்குலம். அது முப்பத்துநான்கான அன்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கச் சகிக்காத அம்மா, அடுத்த பேன்ட்டை முப்பத்துநான்காக வெட்டி, உள்ளே '32' என்ற அளவுப் பட்டியை வைத்துத் தைத்துக் கொடுத்தார். மனிதர் மலர்ந்தார், மறுசோறு கேட்டார். அதற்குப் பிறகு வருடாவருடம் துணி அகன்றது, பட்டி அசையவில்லை. வயிற்றைப் பார்த்து நண்பர்கள் சிரித்தால், பட்டியைத் திருப்பிக் காட்டி வாயை அடைப்பார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் வேலைக்கான மருத்துவப் பரிசோதனை. நர்ஸ் டேப்பைச் சுற்றி, "நாப்பத்திமூணு" என்றாள். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"உங்க டேப் சுருங்கிப்போச்சும்மா."

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் டேப்பின் கட்சியிலேயே சேர்ந்திருந்தன. "மேல உங்களுக்குத் தலை சுத்தினா, கீழ நிக்கிறவன் கதி? மூணு மாசம் டைம். வாயைக் கட்டுங்க, நடங்க. குறையலைன்னா கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவர் நேரே தையல் மெஷின் முன்னால் போய் நின்றார். "அள."

அம்மா டேப்பைச் சுற்றினார். "நாப்பத்திமூணு."

"அப்ப இந்தப் பட்டி?"

"நீங்க சாப்பிடாம கிடந்தீங்களேன்னு..."

"அடிப்பாவி! ஊருக்கெல்லாம் உண்மை, கட்டினவனுக்குப் பொய்யா?"

அப்படியே நாற்காலியில் சரிந்தார். மனைவி வீட்டை விற்றுவிட்டாள் என்றிருந்தால்கூட அவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டார். அம்மாவுக்கோ வேறு அதிர்ச்சி: பாசமென்று பரிமாறியதெல்லாம் ரிப்போர்ட்டில் எண்களாக நின்றது.

மறுநாளே தட்டில் சோறு பாதியானது, காய் இரண்டு மடங்கானது. அவர் பேருந்தை விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போனார், முதல் வாரம் முழுக்க அம்மாவைத் திட்டிக்கொண்டே. மூன்றாம் மாதம் இடுப்பு நாற்பது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார், ஆறே மாதத்துக்கு.

நழுவும் பேன்ட்டைப் பிடித்தபடி வந்து, "கொஞ்சம் சின்னதாக்கிக் கொடேன்" என்றார்.

"முடியாது. இன்னும் நாலு அங்குலம் இறங்கட்டும்."

"அதுவரைக்கும்?"

"கையில பிடிச்சுக்கிட்டே நடங்க."

நடந்தார்.