நான்கு தாம்பாக்களும் ஒரு சம்பளமும்

கோம்பா லெப்பி தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து கோனோ மாவட்டத்துக் கோய்டுவுக்கு அரசுப் பேருந்தில் புறப்பட்டது நவம்பர் ஒன்பதாம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் என் மாமா. நிதி அமைச்சகத்தில் இருபத்தாறு வருடங்களாகச் சம்பளப் பட்டியல் எழுதுகிறவர். போரில் அலுவலகம் எரிந்தபோது இரண்டு பதிவேடுகளை அரிசிச் சாக்கில் போட்டுத் தலையில் சுமந்துகொண்டு ஓடினார். அதற்காகப் பதவி உயர்வு எதுவும் வரவில்லை. சாக்கைத் திருப்பிக் கேட்டுக் கிடங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வேலையில்லாமல் வந்திருந்த என்னைப் படிவம் எழுதக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வருடம் வெளிநாட்டுக்காரர்கள் பாலம், கிணறு என்று தனித்தனியாகத் தராமல், உதவிப் பணத்தை நேராக அரசுக் கருவூலத்தில் போட ஒப்புக்கொண்டிருந்தார்கள். போட்டது ஒழுகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. ஆகவே ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஆசிரியர் பட்டியலில் ஆளே இல்லாமல் சம்பளம் வாங்கும் பெயர்களை, அதாவது பேய்களை, டிசம்பருக்குள் நீக்க வேண்டும். பேயோட்ட ஹெனிங் என்று ஒருவரை அனுப்பினார்கள். அவருடைய கணினி கோனோ மாவட்டத்தில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேய்களைப் பிடித்தது. செப்டம்பரிலேயே அவர்களுக்குச் சம்பளம் நின்றது.

மாமா கோனோக்காரர். பட்டியலைப் பார்த்ததும் ஹெனிங்கின் அறைக்குப் போனார்.

"பேரு, அப்பா பேரு, ஊரு மூணும் ஒண்ணா இருந்தா ஒரே ஆள்தானே, மிஸ்டர் லெப்பி? பழைய நம்பர வெச்சுட்டு மத்தத எடுத்துடும்."

"எங்க பக்கம் ஒரு அம்மாவுக்கு ரெண்டாவதாப் பொறந்த பையன் தாம்பா. அப்பனுக்கு நாலு பொண்டாட்டின்னா வீட்ல நாலு தாம்பா."

"நாலு பேருமா வாத்தியாரு?"

"அப்பன் ஹெட்மாஸ்டரா இருந்தா, ஆமா."

ஹெனிங் நெற்றியைத் தேய்த்தார். "நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. உயிரோட இருக்கறவங்கள எழுதுங்க. ஆனா ஒரு பொய் இருந்தாலும் உங்க பட்டியலே செல்லாது."

மாமா படிவத்தில் கையால் கோடு இழுத்து 'தாய் பெயர்' என்று ஒரு கட்டம் சேர்த்தார். பதினோரு நாளில் எழுபத்தொரு பேய்களை உயிரோடு பார்த்தோம். ஒருவர் கோபத்தில் எங்களுக்குச் சோறு போட மறுத்தார். அவர் மனைவி போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மோண்டே குடும்பத்து வீடு. இஸ்திரி போட்ட சட்டையில் மூன்று தாம்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள்: ஃபின்டாவின் மகன், போண்டுவின் மகன், ஃபேயாவின் மகன். மூவரையும் கணினி நீக்கியிருந்தது. அது விட்டுவைத்தது மூத்தவரை, சியாவின் தாம்பாவை.

"அவர் எங்க?" என்றார் மாமா.

மூவரும் வாழைமரங்களுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைக் காட்டினார்கள். ஆகஸ்டிலேயே காய்ச்சலில் போய்விட்டார்.

"அப்போ அவர் சம்பளம்?"

"வருதுண்ணே. மூணு பேரும் பிரிச்சுக்கறோம். பேரு ஒண்ணுதானே, பேங்க்ல எவன் போனாலும் குடுக்கறான்."

தங்கள் சம்பளம் நின்ற பிறகும் மூன்று பேரும் தினமும் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயரை நீக்க ஒரு கையெழுத்து போதும், அன்றே நீங்கிவிடும். சேர்ப்பதற்கு ஒரு குழு கூட வேண்டும்.

"அவரு செத்தத எழுதாதீங்கண்ணே," என்றார் ஃபின்டாவின் தாம்பா. "எங்களச் சேக்கற வரைக்கும் உயிரோட இருக்கட்டும்."

"அந்தக் கமிட்டிய எனக்குத் தெரியும். அதுக்குள்ள அவரு ரிட்டையரே ஆயிடுவாரு," என்றார் மாமா.

போண்டுவின் தாம்பா சிரித்துவிட்டார். ஃபேயாவின் தாம்பா சிரிக்கவில்லை. "உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். ஜோக்கு வரத்தான் செய்யும்."

மாமா பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "இது ஒண்ணு பொய்னு தெரிஞ்சா எழுபத்தொரு பேரும் போயிடுவாங்கப்பா."

படிவங்களில் மற்ற எல்லா வரியும் நான் எழுதியது. மூத்த தாம்பா இறந்துவிட்டார் என்ற அந்த ஒரு வரியை அவரே எழுதினார். பிறகு மரவள்ளிக் கீரைக் குழம்போடு சோறு வந்தது. சாப்பிட்டோம். மாமா இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை.

டிசம்பரில் நிபந்தனை நிறைவேறியது. கருவூலத்துக்குப் பணம் வந்தது. ஹெனிங் மாமாவின் கையைக் குலுக்கிவிட்டு அடுத்த நாட்டுக்குப் பேயோட்டப் போனார். ஜனவரியில் கூட வேண்டிய குழுவுக்குத் தலைவரை நியமித்ததே ஏப்ரலில்தான். வெள்ளிக்கிழமை தோறும் மாமா அதன் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார்.

"மறுபடியும் வந்துட்டீரா லெப்பி? வீட்ல துரத்திட்டாங்களா?" என்பார் குமாஸ்தா.

"எழுபத்து நாலு பேரு சாப்பிடலய்யா. நான் வேற எங்க போறது?"

ஜூலையில் எழுபத்து நான்கு பெயர்களும் சேர்க்கப்பட்டன. மாமா அன்று அரை நாள் விடுப்பு எடுத்துத் தூங்கினார்.

செப்டம்பர் கடைசியில் அவருடைய கைபேசிக்குப் போண்டுவின் தாம்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"அண்ணே, மூணு பேருக்கும் சம்பளம் வந்துடுச்சு. ரொம்ப நன்றி. ஃபேயாவோட தாம்பா மட்டும் மார்ச்லயே வைரக் குழிக்கு மண்ணு அள்ளப் போயிட்டான். இனிமே கிளாசுக்கு வர மாட்டானாம். அவன் சம்பளமும் மாசாமாசம் வருது. இத யார்கிட்டயாவது சொல்லணுமா?"